நாற்பது குதிரை எதற்கு?

நுகர்வோர் மன்றத்தில் ‘இன்ஜின்’ என்ற பேச்சு வந்தால் அநேகமாக அது மோட்டார் சைக்கிளாக இருக்கும். மிச்சம் கார், டிராக்டர், போர்வெல் மோட்டார். சொன்ன மைலேஜ் கொடுக்கவில்லை என்ற வழக்குகளை நானும் நடத்தியிருக்கிறேன். பெரும்பாலும் தோல்விதான். ‘சோதனை நிலையில் எடுத்த அளவு, ஓட்டும் விதத்தைப் பொறுத்து மாறும்’ என்று விளம்பரத்தின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி இருக்கும். கம்பெனி வக்கீல் அதை ஒருமுறை வாசித்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். அதற்கு மேல் நாம் என்ன முட்டினாலும் வேலைக்கு ஆகாது.

படகு வழக்கு என் கைக்கு வந்தது ஒன்றுதான். 2014-ஆம் வருடம்; பழைய 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருந்த காலம். கட்சிக்காரர் புதுச்சேரியை ஒட்டிய மீனவக் கிராமத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். முதுகுவலி வந்து வலை இழுக்க முடியாமல் போனதும், கையிலிருந்த 26 அடி பைபர் படகுக்கு மேற்கூரை போட்டு, பெஞ்சுப் பலகை அடித்து, உரிமம் வாங்கி, சுற்றுலா வருகிறவர்களை ஆற்றில் ஏற்றி முகத்துவாரம் வரை காட்டிக் கொண்டுவந்து விடுவார். சுக்கான் அவர் கையில். கயிறு வீசுவதும் காசு வாங்குவதும் மருமகன்.

முதலில் அந்தப் படகில் இருந்தது 10 குதிரைத்திறன் டீசல் இன்ஜின். ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிர்வது, பின்பக்கம் நீளத் தண்டு போட்டுக் காத்தாடியைத் தண்ணீரில் இறக்கி ஓட்டும் வகை. எண்ணெய்ச் செலவு உறைக்காது. ஆனால் அது போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, புகை வேறு. “கொழந்தைங்க காதப் பொத்திக்கிட்டு வருது சார், ஒரு வாட்டி வந்தவங்க மறுவாட்டி வரமாட்டேங்கிறாங்க” என்றார். சத்தம் போடாத மிஷின் வேண்டும் என்றுதான் வியாபாரியிடம் போனார். 40 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் அவுட்போர்டுடன் திரும்பி வந்தார். விலை 2,10,000 ரூபாய். மகளின் நகை வங்கிக்குப் போயிற்று.

என் அறைக்கு வந்து அவர் வைத்த புகார் இது: “மிஷின்ல ஒரு கொறையும் சொல்ல முடியாது சார். யானையக் கட்டித் தீனி போட்ட கதையா ஆயிடுச்சு.”

பொருளில் குறை எங்கே என்றுதான் சட்டம் முதலில் கேட்கும். குறையே இல்லை என்று வாங்கியவரே சொன்னால் வக்கீல் என்னத்தை எழுதுவது? ஆனால் கணக்கைப் பார்த்தபோது அவர் சொன்ன இரண்டு வாக்கியமும் சரி என்று தெரிந்தது. முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 17, 18 லிட்டர். பெட்ரோல் அப்போது 70 ரூபாய் என்று வையுங்கள். அதோடு 50 பங்குக்கு ஒரு பங்கு ஆயில் கலக்க வேண்டும். எட்டுப் பேரை ஏற்றிச் சென்றால் ஒரு நடைக்குக் கிடைப்பது 1,600 ரூபாய். போய்வர 6 கடல் மைல். அதில் 10 லிட்டருக்குமேல் போய்விடுகிறது. படகு காத்து நிற்கும் நாள், மழை நாள், கடல் கொந்தளிக்கும் நாள், நகைக் கடன் வட்டி, மருமகன் கூலி எல்லாம் மிச்சத்தில். மீன்பிடிப் படகாக இருந்தவரை மானிய டீசல் உண்டு. பயணிகள் படகான பிறகு அதுவும் போயிற்று.

விலைப்புள்ளிச் சீட்டைக் காட்டச் சொன்னேன். முன்பக்கம் அச்சு, முத்திரை எல்லாம் ஒழுங்கு. திருப்பினேன். பின்பக்கம் நீல மையில் விற்பனையாளர் கையால் எழுதிய ஒரு வரி: ‘8 ஆள் – 20 நாட் – 1 மணிக்கு 6 லி.’ அதன்கீழ் சுழித்த ஒரு கையெழுத்து. நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர். எறும்பு எழுத்து வரி எதுவும் அங்கே இல்லை.

1986 சட்டத்தின் 2(1)(f) பிரிவில் ‘குறை’க்குக் கொடுத்திருக்கும் விளக்கம் அகலமானது. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரம் இல்லாவிட்டால் மட்டுமல்ல, வியாபாரி எந்த வகையில் சொன்ன தரம் இல்லாவிட்டாலும் அது குறைதான். ‘எந்த வகையில்’ என்பதில் சீட்டின் பின்பக்கமும் அடங்கும் என்பது என் கட்சி. கூடவே சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 16: எதற்காக வாங்குகிறேன் என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி ஒருவர் வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்கு உதவ வேண்டும். இன்ஜின் நல்லதா கெட்டதா என்று வாதாட நான் போகவில்லை. யாருடைய படகுக்கு, எந்த வேலைக்கு, யார் சொல்லி அது பொருத்தப்பட்டது என்பதே வழக்கு.

எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபம் எதிர்பார்த்ததுதான்: இது வணிகப் பயன்பாடு, ஆகவே இவர் நுகர்வோரே அல்ல. இதற்கு உச்ச நீதிமன்றம் 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் கொடுத்த விளக்கம் கைகொடுத்தது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் இயந்திரம் வாங்கியவர் தொடுத்த வழக்கு அது. வாங்கியவர் தோற்றார். ஆனால் தோற்றவர் வழக்கில் பிறந்த விளக்கம் இன்றுவரை எளியவர்களைக் காப்பாற்றி வருகிறது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவர் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அவர் நுகர்வோர் இல்லை என்று ஆகிவிடாது. ஆட்டோ இருந்த இடத்தில் படகை வைத்துக் காட்டினேன். மருமகனும் ‘ஓரிருவர்’ கணக்கில் அடங்கிவிட்டார்.

அடுத்து சோதனை. பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப சட்டத்தில் இடம் உண்டு. மணல் மூட்டை ஏற்றிய படகை எந்தக் கூடத்துக்கு அனுப்புவது? வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து, கப்பலில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை உடன் வைத்து, ஆற்றிலேயே பார்க்கலாம் என்று மனு போட்டேன். மன்றம் ஒத்துக்கொண்டது. ஆணையராக வந்த இளம் வழக்கறிஞர் அதற்கு முன் படகில் ஏறியதில்லை. கறுப்புக் கோட்டைக் கழற்றி மடித்துக் கரையில் கொடுத்துவிட்டு, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறினார்.

பெரியவர், அதாவது அந்தப் பொறியாளர், செய்த ஏற்பாடு எளிமையானது. படகின் பெட்ரோல் டேங்கைக் கழற்றிவிட்டு, வெள்ளை பிளாஸ்டிக் கேன் ஒன்றிலிருந்து குழாய் கொடுத்தார். அந்தக் கேனில் முன்னதாகவே பெட்ரோல் பங்கில் முத்திரையிட்டு வைத்திருக்கும் 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தைக் கொண்டு கோடு போட்டு வைத்திருந்தார். எட்டுப் பயணிகளுக்குப் பதில் 50 கிலோ மணல் மூட்டை பத்து. கையடக்க ஜி.பி.எஸ். ஒன்று. நீரோட்டம் கணக்கைக் கெடுக்காமல் இருக்க ஒவ்வொரு வேகத்திலும் ஆற்றில் ஏறி ஒருமுறை, இறங்கி ஒருமுறை. இரு தரப்பு வக்கீல்களும் படகிலேயே இருந்தோம். எங்கள் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எதிர் வக்கீல் பதிவு செய்யச் சொன்னார். நியாயம்தான், அவர் எடை கொஞ்சநஞ்சமல்ல.

பாதி கைப்பிடியில் படகு 5.8 நாட் போயிற்று, மணிக்கு 5.2 லிட்டர். கொஞ்சம் முறுக்கியதும் 8 நாட், 11 லிட்டர். முழுக்க முறுக்கியபோது 10.4 நாட், பெட்ரோல் 17 லிட்டரைத் தாண்டியது. நடு வேகத்தில் நடந்ததைத்தான் நான் மறக்கவில்லை. படகின் அணியம் அப்படியே மேலே தூக்கிக்கொண்டது; பின்பக்கம் தண்ணீரில் உட்கார்ந்தது. மணல் மூட்டைகள் பின்னால் சரிய ஆரம்பித்தன. எதிரே இருந்த மூங்கில் கழி கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. ஆணையர் தன் அறிக்கையில் ‘இந்நிலையில் ஓட்டுநருக்கு முன்னால் இருப்பது தெரியவில்லை’ என்று ஒரு வரி சேர்த்தார். நான் கேட்காமல் கிடைத்த வரி அது.

காரணத்தைப் பெரியவர் சாட்சியத்தில் விளக்கினார். படகு ஓடும்போது அலை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் தண்ணீரில் படிந்திருக்கும் படகின் நீளமும் ஒன்றாகிவிடும். அதற்கு மேல் போக வேண்டுமானால் படகு தான் எழுப்பிய அலை மீதே ஏற வேண்டும். இந்த எல்லையைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு உண்டு. நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் வரும். எங்கள் படகுக்கு நீர்க்கோட்டில் 24 அடி, வர்க்கமூலம் 4.9; எல்லை சுமார் 6.5 நாட். இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரவுட் என்ற பொறியாளர் 1870-களில் டார்க்கேயில் தொட்டி கட்டி, மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்து வகுத்த வழியிலிருந்து வந்த கணக்கு இது. எல்லைக்குக் கீழேயும் சும்மா இல்லை. வேகத்தை இரட்டிப்பாக்கினால் தேவைப்படும் திறன் ஏறத்தாழ எட்டு மடங்காகும். ஒரு மைலுக்கு எரியும் எண்ணெய் நான்கு மடங்காகும்.

எல்லையைத் தாண்டித் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும் படகுகள் உண்டு. அவற்றுக்கு அடி தட்டையாக இருக்க வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும், அப்புறம்தான் குதிரைத்திறன். மீட்புப் படகுக்கும் இரண்டு பேர் போகும் சின்னப் படகுக்கும் 40 அவுட்போர்டு பொருத்தமானதே. எட்டுப் பேரை ஏற்றிய எங்கள் படகை மேலே தூக்க அந்த 40 போதாது; மெதுவாகத் தள்ள 40 தேவையே இல்லை. இரண்டுங்கெட்டான்.

போதாததற்குக் காத்தாடியும் பொருந்தவில்லை. கம்பெனியிலிருந்து வந்ததை அப்படியே மாட்டியிருந்தார்கள். லேசான படகுக்கு ஏற்ற பிட்ச். பிட்ச் என்பது காத்தாடி ஒரு சுற்றில் முன்னே போக வேண்டிய தூரம். பாரமான படகில் அது இன்ஜினை அமுக்கும். முழு முறுக்கில் நிமிடத்துக்கு 4,500-லிருந்து 5,500 சுற்று வர வேண்டும் என்று கையேடு சொல்கிறது, வந்தது 4,300. காத்தாடி மாற்றிக் கொடுத்திருந்தாலே கொஞ்சம் மிச்சமாகியிருக்கும். பொருத்திக் கொடுப்பதும் சேவைதான். அதில் குறைபாடு என்ற இன்னொரு தலைப்பு எனக்குக் கிடைத்தது.

அறிக்கை வந்த வாய்தாவில் எதிர் வக்கீல் முகம் மலர்ந்திருந்தது. “மணிக்கு 6 லிட்டர் என்றோம். ஆணையர் 5.2 என்கிறார். சொன்னதைவிடக் குறைவாகவே குடிக்கிறது. இவர் கைப்பிடியை ஒழுங்காகப் பிடித்தால் வழக்கே இல்லை” என்றார். வெளிப்பார்வைக்கு வலுவான வாதம். மன்றத் தலைவர் என் பக்கம் திரும்பி, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார். விற்பனையாளரைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும் என்றேன். நுகர்வோர் மன்றத்தில் வாக்குமூலத்தை வைத்தே பெரும்பாலும் முடித்துவிடுவார்கள். குறுக்கு விசாரணை லேசில் கிடைக்காது. அன்று கிடைத்தது.

அந்தப் பையன் பொய் சொல்கிற ஆள் அல்ல. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர்; கேட்டதற்கு நேராகவே பதில் சொன்னார்.

“சீட்டின் பின்னால் இருக்கும் எழுத்து உங்களுடையதா?”

“ஆமாம் சார்.”

“20 நாட் எங்கிருந்து வந்தது?”

“கேட்லாக்ல 24 போட்டிருக்கு. இவர் போட்டு பெரிசு, அதனால குறைச்சு எழுதினேன்.”

“கேட்லாக்கில் எந்தப் படகு?”

புரட்டிப் பார்த்தார். “16 அடி. ரெண்டு ஆள்.”

“6 லிட்டர்?”

“மெதுவா ஓட்டினா வரும் சார். ரிப்போர்ட்லயே வந்திருக்கு.”

“அப்போது வேகம் எவ்வளவு?”

“5.8.”

“இந்தப் படகை 5.8-இல் ஓட்ட எத்தனை குதிரைத்திறன் வேண்டும்?”

“பத்து போதும்.”

“அவர் உங்களிடம் வந்தபோது அவர் படகில் எத்தனை இருந்தது?”

“பத்து.”

“அப்படியானால் நாற்பது எதற்கு?”

“டூரிஸ்ட் போட்டுனா ஸ்பீடு கேப்பாங்கன்னு நெனச்சேன் சார்.”

தலைவருக்குப் பக்கத்தில் இருந்த உறுப்பினர் அந்தக் கடைசிப் பதிலைத் தனியாகக் குறித்துக்கொண்டார். எதிர் வக்கீல் மறுவிசாரணை எதுவும் இல்லை என்றார். சீட்டில் இருந்த வேகம் கேட்லாக்கிலிருந்து வந்தது. லிட்டர் கணக்கு மெதுவாக ஓட்டுவதிலிருந்து வந்தது. இரண்டும் ஒன்றாக நடக்கும் படகு எதுவும் அந்தக் கடையில் விற்பனைக்கு இல்லை.

நான் தாக்கல் செய்த ஆவணங்களில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் 1979-இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்துக்குத் தலைமையிடம் சென்னையில்தான் இருந்தது. அங்கே பணியாற்றிய நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் குல்பிரண்ட்சன், சின்ன மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது எப்படி என்று 1986-இல் ஓர் அறிக்கை எழுதினார். 2012-இல் அது விரிவான கையேடாகவும் வந்தது. வேகத்தைக் கொஞ்சம் குறை, காத்தாடி பெரிதாகவும் மெதுவாகச் சுற்றுவதாகவும் இருக்கட்டும், படகின் அடியைச் சுத்தமாக வை, நீண்ட நேரம் ஓட்டுகிறவன் டீசலுக்குப் போவது மேல் என்று அதில் படம் போட்டுச் சொல்லியிருக்கிறார். மெட்ராஸில் உட்கார்ந்து நம் கடற்கரைக்காகவே எழுதியது. வியாபாரியின் கடையிலிருந்து அரை நாள் பயண தூரத்தில் அச்சானது. அவர்கள் அதைப் பார்த்ததே இல்லை. “இது மீன்பிடிப் படகுக்கானது, சுற்றுலாப் படகுக்கு எப்படிப் பொருந்தும்?” என்று எதிர் வக்கீல் கேட்டார். ஏறியிருப்பது மீனா மனிதரா என்று தண்ணீர் பார்ப்பதில்லை என்றேன். சிரிப்பு எழுந்தது, ஆவணமும் குறியீடு பெற்றது.

டூ-ஸ்ட்ரோக்கை முழுக்கக் குற்றம் சொல்லவும் மாட்டேன். ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் பெற டீசலில் சுமார் கால் லிட்டர் போதும் என்றால், பழைய கார்புரேட்டர் டூ-ஸ்ட்ரோக்கில் அரை லிட்டரை நெருங்கும். உள்ளே போகும் பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே புகைவழியில் வெளியேறிவிடுகிறது. படகுக்குப் பின்னால் தண்ணீரில் மினுங்கும் எண்ணெய்ப் படலம் அதுதான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புகை விதிகளால் இந்த வகை இன்ஜின் புதுப்படகுகளை விட்டு அநேகமாக வெளியேறிவிட்டது. ஆனால் அது எடை குறைவு, விலை குறைவு. மணல்திட்டு வந்தால் தூக்கிக்கொள்ளலாம். எந்தக் குப்பத்திலும் அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். ஆழமில்லாத முகத்துவாரத்தில் ஓட்டுகிறவர் அவுட்போர்டு தேடிப் போவது தப்பில்லை. 15 குதிரைத்திறன் ஃபோர்-ஸ்ட்ரோக் ஒன்றை அன்று காட்டியிருந்தால் சத்தமும் குறைந்திருக்கும், இந்த வழக்கும் வந்திருக்காது என்று பெரியவர் சாட்சிக் கூண்டிலேயே சொன்னார்.

2016-இல் தீர்ப்பு வந்தது. இன்ஜினில் உற்பத்திக் குறை இல்லை. ஆகவே தயாரிப்பாளர் மீதான புகார் தள்ளுபடி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அடிப்படைச் சோதனை இல்லாமல் செயல்திறனுக்கு உறுதி கொடுத்ததும், பொருந்தாத காத்தாடியோடு மாட்டிக் கொடுத்ததும் வியாபாரியின் பொறுப்பு. இன்ஜினைத் திரும்ப எடுத்துக்கொண்டு, தேய்மானம் கழித்து 1,60,000 ரூபாய். மன உளைச்சலுக்கு 25,000. செலவுத் தொகை 5,000.

வீணான பெட்ரோலுக்கு நாங்கள் கேட்ட தொகை கிடைக்கவில்லை. ரசீது இல்லை என்பதல்ல. ஒரு பிஸ்கட் டின் நிறைய ரசீது வைத்திருந்தார். பங்கில் தரும் அந்த வழவழப்புத் தாளில் எழுத்து நிற்காது. வெயிலில் இருந்து இருந்து எல்லாம் வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தது. மகள் நகல் எடுத்து வைத்திருந்த சிலவற்றை மட்டும் காட்ட முடிந்தது. அவை எந்தப் படகுக்கு வாங்கிய பெட்ரோல் என்று அவற்றில் இல்லை என்று மன்றம் சொல்லிவிட்டது.

வியாபாரி மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போனார், அங்கும் தள்ளுபடி. அதற்குப் பிறகும் பணம் கட்டவில்லை. 27-ஆம் பிரிவில் மனு போட்டோம். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை விதிக்க இடமுள்ள பிரிவு அது. அடுத்த வாய்தாவிலேயே முழுத் தொகைக்கும் வங்கி வரைவோலை வந்தது. தண்ணீரில் குளிரும் 12 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் ஒன்றைச் சத்தம் அடக்கும் பெட்டியோடு படகின் உள்ளே வைத்தார் என் கட்சிக்காரர். மணிக்கு 2 லிட்டருக்குள் முடிகிறது என்றார்.

தீர்ப்பு கைக்கு வந்ததும் வழக்கு முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் பலர். கெடு தாண்டியும் பணம் வராவிட்டால் அதே மன்றத்தில் நிறைவேற்று மனு போடலாம். இப்போது நடப்பில் இருக்கும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு 71, 72-ஆம் பிரிவுகளைப் பாருங்கள்.